போர் தண்ணீரில் ஆர்செனிக் பார்க்கும் கிட்: மூன்று மாதம் பயன்படுத்தியதில் தெரிந்தது

பொங்கலுக்குத் தம்பி வந்திருந்தான். அவனுக்கு மேற்கு வங்கத்து மால்டாவில் ரயில்வே வேலை. அந்தப் பக்கம் கிராமங்களில் அடிபம்புத் தண்ணீரைக் குடிக்கவே பயப்படுவார்களாம், ஆர்செனிக் என்கிற விஷம் இருக்குமாம். "நம்ம போர் தண்ணிய என்னைக்காவது பார்த்திருக்கோமாக்கா?" என்று கேட்டான். பார்த்ததே இல்லை. சீர்காழிக்குக் கிழக்கே இருக்கிற எங்களுக்கு உப்பு ஒன்றுதான் கவலை, அதை நாக்கே சொல்லிவிடும். ஆர்செனிக்குக்கு ருசியும் இல்லை, வாடையும் இல்லை, நிறமும் இல்லை. சோதித்துப் பார்த்தால்தான் உண்டு. அதனால் எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் பணம் போட்டு இந்தக் கிட்டை ஆன்லைனில் வாங்கினோம்.

"எலிப் பாஷாணமாடி தண்ணியில இருக்கும்?" என்று அத்தை கேட்டார். கிட்டத்தட்ட அதேதான். அந்தக் காலத்து எலிப் பாஷாணம் வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்செனிக் ட்ரையாக்சைடு. இப்போது கடையில் விற்கிற எலி மருந்துகள் வேறு. கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிய மஞ்சள் அரிதாரம் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த கல், அந்தப் பெயர்தான் இன்றைக்கு எல்லா மேக்கப்புக்கும் நின்றுவிட்டது. அதே வெள்ளைப் பாஷாணத்தை ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் அளந்து ஊசியில் ஏற்றுகிறார்கள், அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் குடிதண்ணீரில் வருவது அளந்து வருவதில்லை. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், உடம்பில் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு, அப்புறம் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை என்று புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். மேற்கு வங்கத்தில் 1983இல் ஒரு தோல் மருத்துவர்தான் நோயாளிகளின் தோலைப் பார்த்து முதலில் கண்டுபிடித்தார். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலில் இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆர்செனிக், அடியில் காற்றில்லாமல் போகும்போது இரும்பு கரைய, அதோடு சேர்ந்து தண்ணீரில் இறங்கிவிடுகிறது. நம்முடையதும் வண்டல் பூமிதான். இங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை, பார்க்காமல் இல்லை என்றும் சொல்ல முடியாது.

சரி, கிட்டுக்கு வருகிறேன். ஒரு பாட்டில், மூடியில் சின்னத் தாள் செருக ஓர் இடம், மூன்று தூள், ஐம்பது தாள், நிற அட்டை ஒன்று. முதல் தூள் அமிலம், இரண்டாவது கந்தக வாடையை முறிக்க, மூன்றாவது துத்தநாகம். அமிலமும் துத்தநாகமும் சேர்ந்து நுரைக்கும்போது தண்ணீரில் இருக்கும் ஆர்செனிக் வாயுவாகி மேலே வந்து தாளில் படும். தாளில் பாதரச உப்பு தடவியிருக்கிறது, அது மஞ்சளாகும், அதிகம் இருந்தால் பழுப்பாகும். பத்து நிமிடத்தில் எடுத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். குடிதண்ணீரில் இருக்கலாம் என்கிற உச்ச அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

முதல் நாள் எங்கள் போர் தண்ணீரில் பார்த்தபோது தாள் மஞ்சள் கலந்த பழுப்பாகிவிட்டது. அட்டையில் 50க்குப் பக்கம். கை நடுங்கிவிட்டது. பிள்ளைகளை அந்தத் தண்ணீரைத் தொடவிடவில்லை, ராத்திரி தூங்கவில்லை, இத்தனை வருஷமாக இதையா ஊற்றிக் கொடுத்தோம் என்று. காலையில் கொழுந்தனாருக்குப் போன் செய்தேன், அவர் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறார். கிட்டோடு வந்த காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, "அண்ணி, ரெண்டாவது தூள் போட்டு ரெண்டு நிமிஷம் விட்டீங்களா?" என்றார். விடவில்லை, உடனே துத்தநாகத்தைக் கொட்டியிருந்தேன். எங்கள் போர் தண்ணீர் இறைத்தவுடன் அழுகிய முட்டை வாடை அடிக்கும், அந்த வாயுவே தாளைக் கறுக்கவைத்துவிடுமாம். மறுபடி முறையாகச் செய்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது.

வெள்ளையாக இருந்ததும் எனக்குச் சந்தேகம் போகவில்லை, கிட் வேலையே செய்யாவிட்டாலும் வெள்ளையாகத்தானே இருக்கும்? அதற்குக் கொழுந்தனார் கல்லூரி ஆய்வகத்தில் 50 மைக்ரோகிராம் அளவுக்குக் கலந்த தண்ணீரைப் பூட்டிய பெட்டியில் எடுத்துவந்தார், அவரே கையாண்டு அவரே திருப்பி எடுத்துப் போனார். தாள் தெளிவாக மஞ்சளானது, அட்டையோடு பொருந்தியது. அதையே ஐந்து மடங்கு நீர்த்து 10க்குப் பார்த்தோம். இங்கேதான் இடிக்கிறது. ட்யூப்லைட்டில் இரண்டு பேர் நிறம் தெரிகிறது என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். வெளியே வெயிலில் பார்த்தால்தான் இளமஞ்சள் புரிந்தது. ஆக, நிறைய இருந்தால் இந்தக் கிட் கட்டாயம் காட்டிக்கொடுக்கும், 10ஐ ஒட்டி இருந்தால் நம்பி உட்காரக் கூடாது, ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். நாங்களும் திருச்சிக்கு ஒரு பாட்டில் அனுப்பினோம், 10க்குக் கீழே என்று வந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

பெரிய குறை, காகிதம் முழுக்க ஆங்கிலம். தமிழில் ஒரு வரி இல்லை. பாட்டிலில் வருவது கொடிய விஷ வாயு, சோதனை அளவில் கொஞ்சம்தான் என்றாலும் திறந்த வெளியில் செய்ய வேண்டும், தாளைக் கையால் தொடக் கூடாது, இதெல்லாம் பொடி எழுத்தில் கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது. கிராமத்துப் பெண்கள் கையில் கொடுக்கிற சாமான் இது, இப்படி விற்பது தவறு. நான் நோட்டில் தமிழில் எழுதிப் பாட்டிலோடு கட்டி வைத்திருக்கிறேன். உபயோகித்த தாளை அடுப்பில் போடாதீர்கள், குப்பையிலும் வேண்டாம். நாங்கள் மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் சேர்த்து வருகிறோம், கொழுந்தனார் கல்லூரிக்கு எடுத்துப் போவார்.

இன்னொன்று, தாள் மஞ்சளானால் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும், ஆர்செனிக் அப்படியே நின்று இன்னும் கெட்டியாகும். அரிசிக்கும் இதில் பங்கு உண்டு, தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் நெல் மண்ணிலிருந்து இதை உறிஞ்சும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் குறையும். நல்ல தண்ணீரை நிறைய வைத்து வடித்தாலும் சோற்றில் பாதி அளவுக்குக் குறையும். எங்கள் வீட்டில் குக்கரை விட்டு மறுபடி வடிக்க ஆரம்பித்துவிட்டோம்.

படித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் வாங்கலாம், ஒரு வீட்டுக்குத் தனியாக வேண்டியதில்லை, தெருவுக்கு ஒன்று போதும். எங்களிடம் இன்னும் முப்பத்து இரண்டு தாள் இருக்கிறது. வரும் ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பம்பில் எடுக்கிறோம், காலை ஒன்பது மணிக்கு, வெயில் வந்த பிறகு.