தேதி அச்சிட்ட டைரியா, புள்ளித் தாள் நோட்டா, கைபேசியா?

அன்றன்றைக்கு மனத்தில் தோன்றுவதை நாலு வரி எழுதி வைக்கும் பழக்கமும், கோலம், எம்பிராய்டரி, நீர்வண்ண ஓவியம் என்று ஏதேனும் ஒரு கைவேலையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது நம் வீடுகளில் புதிதன்று. கோல நோட்டு ஒன்றைப் புரட்டினால் இரண்டு கோலங்களுக்கு நடுவே ஒரு சமையல் குறிப்போ, ஊரிலிருந்து வந்த உறவினர் சொன்ன செய்தியோ கண்ணில் படும். இவ்விரண்டையும் முறையாக ஓரிடத்தில் பதிந்து வைக்க விரும்புகிறவருக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. ஆண்டுதோறும் வாங்கும் தேதி அச்சிட்ட டைரி, தேதி இல்லாத வெற்று அல்லது புள்ளித் தாள் நோட்டு, கைபேசியில் உள்ள குறிப்புச் செயலி ஆகியவையே அவை. கைவேலை செய்கிறவருக்குத் தேதி அச்சிடாத நோட்டே பொருந்தும் என்பது என் முடிவு. ஆனால் மற்ற இரண்டும் அதைத் தெளிவாக வெல்லும் இடங்களும் உண்டு என்பதால், ஒவ்வொன்றையும் அதற்குரிய வேலையில் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

தேதி அச்சிட்ட டைரியின் பெரிய பலம், எழுதத் தொடங்கும் முன் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை என்பதுதான். இன்றைய பக்கம் எங்கே என்று தெரிகிறது. கிழமை, தமிழ்த் தேதி, இராகுகாலம், விடுமுறை எல்லாம் மேலேயே அச்சாகி இருக்கின்றன. நேற்றைய பக்கம் காலியாக இருந்தால் அந்த வெறுமையே இன்று பேனாவை எடுக்க வைக்கிறது. எழுதும் பழக்கம் இன்னும் ஊன்றாதவருக்கு இந்த மெல்லிய கட்டாயம் உண்மையிலேயே உதவும். ஒரே தேதிக்கு ஐந்து ஆண்டுகளின் வரிகளை ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்படி அமைந்த ஐந்தாண்டு டைரிகளும் கிடைக்கின்றன. போன ஆண்டு இதே நாளில் என்ன நினைத்தோம் என்பதைத் தேடாமலே கண்முன் காட்டுவதில் அவற்றுக்கு இணையான காகிதம் வேறில்லை.

ஆனால் கைவேலை அன்றாடம் சம அளவில் நடப்பதில்லை. ஓர் எம்பிராய்டரிப் பூவின் இதழ் நிழலை எந்த இரண்டு நிறங்களால் கொண்டுவருவது என்று பார்க்கும் நாளில் மூன்று பக்கம் தேவைப்படும். அதன்பின் பத்து நாள் வெறும் தையல்தான், எழுத ஒன்றும் இராது. தேதி டைரி முதல் நாளுக்கு இடம் தராது, பின்வரும் நாள்களுக்குத் தேவையில்லாத இடத்தைத் தரும். மலிவான டைரிகளில் சனியும் ஞாயிறும் ஒரே பக்கத்தைப் பங்கிட்டுக்கொள்வதையும் இங்கே சொல்ல வேண்டும். வேலைக்குச் செல்கிறவருக்குக் கைவேலைக்கு நேரம் கிடைப்பதே அந்த இரண்டு நாள்களில்தான்.

கோலம் போடுகிறவருக்கு இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. ஆண்டில் மிகுதியாகக் கோலம் பதியும் மாதம் மார்கழி. அது டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை அச்சிட்ட டைரியில் ஒரே மார்கழியின் முதல் பாதி பழைய டைரியின் கடைசியிலும், மறுபாதி புதிய டைரியின் தொடக்கத்திலும் போய்விடும். மார்கழி முதல் தேதி தொடங்கிப் பொங்கல் கோலம் வரை ஒரே தொடராகப் புரட்டிப் பார்க்கும் இன்பம் அந்த அமைப்பில் கிடைக்கவே கிடைக்காது. நாளையே அலகாகக் கொண்ட பொருளுக்கும், பருவத்தை அலகாகக் கொண்ட கலைக்கும் உள்ள இந்தப் பொருந்தாமைதான் என்னை நோட்டின் பக்கம் சாய்த்த முதல் காரணம்.

நாட்குறிப்பு என்றாலே தமிழில் நினைவுக்கு வரும் பெயர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய குறிப்புகளில் ஒரு நாளுக்குப் பல பக்கம் விரிவதும் உண்டு, சில வரிகளில் முடிவதும் உண்டு, நடுவே நாள்கள் விட்டுப்போவதும் உண்டு. கப்பல் வருகை, துணி வியாபாரம், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுடன் நடந்த பேச்சு, ஊரில் உலவிய வதந்தி என்று அந்தந்த நாளின் கனத்துக்கு ஏற்ப அவர் எழுத்து நீள்கிறது, குறுகுகிறது. தேதியை எழுதுகிறவரே இட்டுக்கொள்ளும் முறையில் கிடைக்கும் சுதந்திரத்துக்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

நோட்டு என்று முடிவு செய்தபின் எந்த நோட்டு என்ற கேள்வி வருகிறது. கோடு போட்ட நோட்டில் எழுத்து அழகாக அமையும், படம் அமையாது. கணக்குக்கு வாங்கும் கட்டம் போட்ட நோட்டு மலிவு. ஆனால் புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் சிக்குக் கோலத்தின் கோட்டோடு கட்டத்தின் கோடுகள் போட்டியிட்டுக் கண்ணைக் குழப்பும். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வெளிர் சாம்பல் புள்ளிகள் அச்சிட்ட தாளே நமக்கு உகந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர் ரைடர் கேரல் 2013இல், குறும்பட்டியல்களாக நாட்குறிப்பு எழுதும் தம் ‘புல்லட் ஜர்னல்’ முறையை வெளியிட்டதைத் தொடர்ந்து அது பரவலானபோது, இந்தப் புள்ளித் தாளும் அதனுடன் சேர்ந்து பரவியது. பட்டியல் போடுகிறவர்களுக்கு உதவிய அந்தத் தாள் கோலம் வரைகிறவர்களின் கைக்கு இயல்பாகவே பொருந்திவிடுகிறது.

நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை. 7இல் தொடங்கி 1இல் முடியும் நேர்ப்புள்ளி என்றால், நடு வரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 5, 3, 1. அச்சிட்ட புள்ளிகளிலேயே பென்சிலால் அழுத்திக் குறித்துவிடலாம். ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அமையும் ஊடுபுள்ளிக்குச் சிறு ஏற்பாடு தேவை. ஒன்றுவிட்டு ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவ்வரிசையில் ஒன்றுவிட்டு ஒரு புள்ளியைக் குறிக்க வேண்டும். அடுத்து எடுக்கும் வரிசையில் ஒரு புள்ளி தள்ளித் தொடங்க வேண்டும். அப்போது புள்ளிகளுக்கிடையே 10 மில்லிமீட்டர், வரிசைகளுக்கிடையேயும் 10 மில்லிமீட்டர் அமையும். சரியான ஊடுபுள்ளிக்கு வரிசை இடைவெளி ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும் என்பதால், ஆறிதழ்ப் பூ சற்றே நெடுக்கு வாட்டத்தில் நீண்டு தெரியும். பதிவுக்கு அது போதும். தரையில் போடும்போது கையே அதைச் சரிசெய்துவிடும். ஏ5 பக்கத்தின் அகலம் 148 மில்லிமீட்டர். 11இலிருந்து 6 வரையுள்ள ஊடுபுள்ளிக் கோலம் அதில் தாராளமாக அடங்கும். 15இலிருந்து 8 வரை என்றால் புள்ளிகள் மட்டுமே 140 மில்லிமீட்டர் பிடித்து இரு ஓரத்தையும் முட்டும். பெரிய கோலங்களில் ஆர்வமுள்ளவர் ஏ4 அளவே வாங்குவது நல்லது.

சிக்குக் கோலத்தில் நோட்டின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். முடிந்த கோலத்தின் படத்தைப் பார்த்து, கம்பி, அதாவது கோலத்தின் கோடு, எங்கே தொடங்கியது, எந்தப் புள்ளியைச் சுற்றியபின் எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்ல முடியாது. நோட்டில் வரைகிறவர் தொடங்கிய இடத்தில் ஒரு சிறு வட்டமும், திருப்பங்களில் அம்புக்குறியும், கை தடுமாறும் இடத்தில் 1, 2, 3 என்று எண்ணும் இட்டு வைக்கலாம். பக்கத்திலேயே, அன்று விடியற்காலை பனியில் மாவு ஈரம் கோத்துக்கொண்டு கட்டியாய் விழுந்ததையும், எதிர்வீட்டு அம்மா நின்று பார்த்துவிட்டு ஒரு மூலையைத் திருத்தச் சொன்னதையும் எழுதலாம். கோலமும் அன்றைய நினைவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இந்தப் பக்கத்தைச் செயலிகள் இன்னும் இவ்வளவு எளிதாகத் தரவில்லை. வரையும் வரிசையைக் காணொளியாக எடுத்து வைக்கலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம்தான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து வாசலில் மாவுக் கிண்ணத்தோடு குனிந்திருக்கும்போது காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதைவிட, விரித்து வைத்த நோட்டில் ஒரு பார்வை பார்ப்பது எளிது.

நூல் வேலைக்கும் வண்ணத்துக்கும் நோட்டின் தகுதி இதே அளவு உறுதியானது. ஆறு இழை கொண்ட ஆங்கர் நூற்கண்டின் காகிதப் பட்டையில் நிற எண் அச்சாகி இருக்கும். நூலைப் பிரித்தபின் முதலில் தொலைவது அந்தப் பட்டைதான். ஓர் அங்குல நூலையும் அந்த எண்ணையும் பக்கத்தில் ஒட்டி வைத்தால், பாதியில் நூல் தீர்ந்துபோனாலும் கடையில் தடுமாற வேண்டியதில்லை. இதையே கைபேசியில் படமாக எடுத்தால், டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு நிறமும் சன்னல் வெளிச்சத்தில் வேறொரு நிறமும் பதியும். எண்ணை நினைவில் வைக்கப் படம் உதவும், நிறத்தை ஒப்பிட உதவாது.

ஒட்டுவதென்றால் பைண்டிங்கைப் பார்த்து வாங்க வேண்டும். நூலால் தைத்த பைண்டிங் விரித்த இடத்தில் விரிந்தபடி கிடக்கும். முதுகில் பசை மட்டும் தடவிய நோட்டு, நாலு துணித்துண்டு ஒட்டியதும் பிளந்துகொள்ளும். தாளின் கனத்தை மட்டும் நம்புவதும் சரியன்று. சாதாரண நோட்டுகளின் 60, 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாளில் மைப்பேனா எழுத்து பின்பக்கம் ஊறுவதுண்டு. ஆனால் ஜப்பானின் ‘தோமோயே ரிவர்’ தாள் 52 ஜி.எஸ்.எம். தான், மை ஊறுவதில்லை. தாளின் மேற்பூச்சே அதைத் தீர்மானிக்கிறது. மெல்லிய நீர்வண்ணப் பூச்சு மட்டும் கனத்தைக் கேட்கும். 300 ஜி.எஸ்.எம். தாளில் தனியே தீட்டி, சிறு துண்டாக வெட்டி நோட்டில் ஒட்டுவதே செலவு குறைந்த வழி.

நோட்டின் குறை தேடலில் இருக்கிறது. மூன்றாண்டுக்கு முன் போட்ட தாமரைக் கோலம் எந்தப் பக்கம் என்று அது தானாகச் சொல்லாது. பக்க எண் இட்டு, முதல் இரண்டு தாள்களைப் பொருளடக்கத்துக்கு விட்டு வைப்பது பெரும்பாலும் போதுமானது. இதையும் ரைடர் கேரல் தம் முறையில் முதன்மைப்படுத்தியிருக்கிறார். ஆனால் பொருளடக்கத்தை எழுதாமல் தள்ளிப்போடுகிறவருக்கு நோட்டு ஒரு மூடிய பெட்டியாகவே இருக்கும்.

கைபேசி இங்கே நேராக வெல்கிறது. 2011இல் வந்த ‘டே ஒன்’, 2023 டிசம்பரில் ஆப்பிள் ஐபோனுக்குக் கொண்டுவந்த ‘ஜர்னல்’ போன்ற செயலிகள் எழுதிய நேரத்தைத் தாமே குறித்துக்கொள்கின்றன, அனுமதித்தால் இடத்தையும் படங்களையும் சேர்க்க உதவுகின்றன. கூட்டுக் குடும்பத்தில் யார் கையிலும் படாமல் பூட்டி வைக்கவும் முடிகிறது. மனம்விட்டு எழுத நினைக்கும் ஒருவருக்கு, குறிப்பாக வீட்டில் தனியறை இல்லாத பெண்களுக்கு, இது சின்ன வசதியன்று. கைவலி உள்ளவர்கள் தமிழில் பேசியே பதிவு செய்யலாம்.

தமிழில் எழுதுகிறவர் தேடலில் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். பல செயலிகள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே தேடுவதால், ‘கோலம்’ என்று தேடினால் ‘கோலத்தில்’, ‘கோலத்துக்கு’ என்று எழுதிய பக்கங்கள் வாரா. ‘கோல’ என்று அடிச்சொல்லோடு நிறுத்தித் தேடினால் வந்துவிடும். ‘#கோலம்’ என்று ஒரு குறிச்சொல்லைத் தவறாமல் இடுவது அதைவிடப் பாதுகாப்பு.

நிலைத்திருத்தலில் காகிதத்துக்கும் கைபேசிக்கும் தனித்தனிப் பகை உண்டு. காகிதத்துக்குக் கரையானும் இராமபாணப் பூச்சியும் ஈரமும். 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் கண்டவர்களுக்குத் தரைத்தள அலமாரி எவ்வளவு நம்பத்தக்கது என்று தெரியும். நீரில் கரையும் மைப்பேனா எழுத்து நனைந்தால் ஓடிவிடும், எண்ணெய்ப் பிசுக்குள்ள பால்பாயிண்ட் எழுத்து நின்றுவிடும். கைபேசிப் பதிவின் பகை வேறு வகையானது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடாகத் தமிழில் தட்டச்சிட்ட கோப்புகளை இன்று திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளே தெரிகின்றன. அந்த இடர் இப்போது நீங்கிவிட்டது என்றாலும், செயலி நிறுத்தப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி நீங்கவில்லை. எழுதியவற்றைப் பி.டி.எஃப். ஆகவோ வெறும் உரைக் கோப்பாகவோ வெளியே எடுக்க வழியில்லாத செயலியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே கைவேலை செய்கிறவர் புள்ளித் தாள் நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து, படத்தோடு இரண்டு குறிச்சொல்லைச் சேர்த்து வைப்பதே நான் சொல்லும் ஏற்பாடு. ஜனவரி 1 வரை காத்திருக்கவும் தேவையில்லை. கார்த்திகை முடிவதற்குள் நோட்டு கைக்கு வந்துவிட்டால் மார்கழி முழுவதும் ஒரே நோட்டில் அமையும். கைவேலை ஏதுமின்றி, படுக்கப்போகும் முன் நாலு வரி எண்ணத்தை மட்டும் எழுத விரும்புகிறவருக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். அவருக்குத் தேதி அச்சிட்ட டைரிதான் சரி, அதிலும் முடிந்தால் ஐந்தாண்டு டைரி. அடிக்கடி பயணத்தில் இருப்பவரும், வீட்டில் அந்தரங்கத்துக்கு இடமில்லாதவரும் தயங்காமல் கைபேசியையே முதன்மையாகக் கொள்ளலாம். நூல்துண்டுகளுக்கு மட்டும் ஒரு சிறிய நோட்டைத் தனியே வைத்துக்கொண்டால் போதும்.