பாசி எடுப்பதா, பாசி வளர்ப்பதா?

மன்னார் வளைகுடாவில் மீன் குறைந்துவரும் காலத்தில், ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்களுக்குக் கடற்பாசியை நம்பிப் பிழைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கடலுக்குள் மூழ்கி பாறையில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியைக் கையால் பறிப்பது. முதலீடு மிகக் குறைவு. கண்ணாடியும் விரலில் சுற்றத் துணியும் போதும். ஆனால் பாறை கையைக் கிழிக்கும். வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வனத்துறையின் கெடுபிடியும் உண்டு. பாசி மீண்டும் வளரட்டும் என்று மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே இறங்குவதெனப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வகுத்தார்கள். அந்த அறிவுக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் தரவில்லை.

இரண்டாவது, பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை வளர்ப்பது. சுமார் 45 நாளில் அறுவடை; மூழ்க வேண்டியதில்லை. புயலடித்தால் மிதவை சிதறும், கடல்நீர் சூடானால் பயிர் நோயுறும். விலையோ வாங்குபவர் கையில். இது அயல் இனம் என்பதுதான் பெரிய கவலை: 2008இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவின் பவளங்கள் மீது இது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

வருமானத்துக்கு வளர்ப்பையே பரிந்துரைப்பேன். பவளப்பாறைக்கு அருகில் மட்டும் கூடாது. ஆனால் வளர்ப்பைக் காரணம் காட்டிப் பாசி எடுக்கும் பெண்களைக் கடலிலிருந்து விலக்குவதை ஏற்கவே மாட்டேன்.