எஸ்ஜிபிடியா, எஸ்ஜிஓடியா: கல்லீரல் ரிப்போர்ட்டில் எந்த எண் எதைச் சொல்கிறது?

கல்லீரல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் நேராகப் போவது தடித்த எழுத்தில் அச்சான எண்ணுக்குத்தான். எஸ்ஜிபிடி 78 என்று இருந்தால் அந்த 78ஐயே நினைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம். அதே தாளில் இருக்கும் மற்ற எண்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தப் பரிசோதனையில் தனி எண்ணை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. எதை எதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால், பாதி பயம் போய்விடும். பயப்பட வேண்டிய இடமும் பிடிபடும்.

முதலில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி. சில லேப்களில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்று அச்சாகியிருக்கும். இரண்டும் அதே பரிசோதனைகள்தான். இவை செல்லுக்குள் வேலை செய்யும் என்சைம்கள். கல்லீரல் செல் காயப்பட்டால் ரத்தத்தில் கசிகின்றன. எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலில்தான் இருக்கிறது. எஸ்ஜிஓடி அப்படி இல்லை. இதயத்தில், தசையில், சிறுநீரகத்தில், சிவப்பணுக்களில் எல்லாம் இருக்கிறது. அதனால் கல்லீரலைப் பற்றி மட்டும் கேட்க வேண்டுமானால் எஸ்ஜிபிடிதான் நம்பகமான சாட்சி.

அதற்காக எஸ்ஜிஓடியை ஒதுக்கிவிட முடியாது. இரண்டில் எது அதிகம் என்ற கேள்விக்கு வரும் பதில்தான் பல நேரம் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கொழுப்புக் கல்லீரலின் தொடக்கத்தில் எஸ்ஜிபிடி முந்தி நிற்கும்: எஸ்ஜிபிடி 90, எஸ்ஜிஓடி 50 என்பதுபோல. மதுவால் வரும் கல்லீரல் அழற்சியில் கதை தலைகீழ். எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைப்போல் இரண்டு மடங்கு, அதற்கும் மேல் இருக்கும். ஆனாலும் பொதுவாக 300ஐத் தாண்டாது. இதற்குக் காரணம் உண்டு. எஸ்ஜிபிடி வேலை செய்ய வைட்டமின் பி6 தேவை. தொடர்ந்து குடிப்பவர்களுக்கு அது குறைந்துபோவதால் எஸ்ஜிபிடி உயர முடியாமல் நிற்கிறது. கூடவே, மது செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குகிறது. அங்கே சேர்ந்திருக்கும் எஸ்ஜிஓடி வெளியே வருகிறது.

இந்த விகிதத்தை வைத்து ஒருவரைக் குடிகாரர் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. எந்தக் காரணத்தால் வந்த சிரோசிஸாக (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) இருந்தாலும், தழும்பு கூடக் கூட எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியை எட்டிப்பிடித்து மேலே போகும். கடுமையாக எடை தூக்கிய மறுநாள் ரத்தம் கொடுத்தாலும் எஸ்ஜிஓடி எகிறும். அப்போது சிபிகே என்ற தசை என்சைமையும் சேர்த்துப் பார்த்தால் கல்லீரலா தசையா என்பது வெளிச்சமாகிவிடும். ஜிம்முக்குப் போகிறவர்கள் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே பளுவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த ஜோடி ஆல்கலைன் பாஸ்பேட்டேஸும் ஜிஜிடியும். இவை பித்தநாளப் பக்கத்துச் செய்தியைச் சொல்பவை. கல்லோ கட்டியோ பித்தநாளத்தை அடைத்தால் இரண்டும் உயரும். ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் எலும்பிலிருந்தும் வரும் என்பதுதான் இதில் சிக்கல். வளரும் பிள்ளைகளுக்கு இது பெரியவர்களின் அளவைவிடப் பல மடங்கு இருப்பது இயல்பு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும். எலும்பு முறிவு ஆறும்போதும், வைட்டமின் டி மிகவும் குறைந்தாலும் உயரும். ஜிஜிடி எலும்பிலிருந்து வருவதில்லை. எனவே இரண்டும் கூடியிருந்தால் பித்தநாளம், கல்லீரல் பக்கம் தேட வேண்டும்; ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் மட்டும் கூடியிருந்தால் எலும்பைப் பார்க்க வேண்டும். ஜிஜிடி மட்டும் தனியாக உயர்ந்திருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. மதுவுக்கு உயரும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்ன் மாத்திரைக்கு உயரும், உடல் பருமனுக்கும் உயரும். அது துணைச் சாட்சியாக மட்டுமே பயன்படும்.

இந்த இரண்டு ஜோடிகளையும் எதிரெதிரே வைக்க மருத்துவர்கள் ஓர் எளிய கணக்குப் போடுவார்கள். எஸ்ஜிபிடி அதன் மேல்வரம்பைப்போல் எத்தனை மடங்கு, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் அதன் மேல்வரம்பைப்போல் எத்தனை மடங்கு என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்பார்கள். விடை 5 அல்லது அதற்கு மேல் என்றால் பாதிப்பு கல்லீரல் செல்களில், 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் பித்தம் வடிவதில், இடைப்பட்டது கலப்பு. மேல்வரம்பு 40 உள்ள எஸ்ஜிபிடி 120, மேல்வரம்பு 120 உள்ள ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 480 என்று வைத்துக்கொள்வோம். 3ஐ 4ஆல் வகுத்தால் 0.75. எஸ்ஜிபிடி மூன்று மடங்கு என்று பதறிய வீட்டில், அடுத்த வேலை வயிற்று ஸ்கேன் எடுத்துப் பித்தநாளத்தைப் பார்ப்பதுதான்.

நான் ரொம்பவும் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒப்பீடு இனிமேல்தான் வருகிறது. என்சைம்கள் காயத்தைக் காட்டுகின்றன. கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டுவதில்லை. அதைக் காட்டுபவை கல்லீரல் தயாரிக்கும் புரதமான ஆல்புமின், ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐஎன்ஆர், கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறமியான பிலிருபின். ஆல்புமின் ரத்தத்தில் பாதியாகக் குறையக் கிட்டத்தட்ட 20 நாள் ஆகும். ஆகவே நாள்பட்ட நோயைத்தான் அது சொல்லும். ஐஎன்ஆர் ஒரே நாளில் மாறிவிடும். கடுமையான மஞ்சள் காமாலையில் ஆயிரத்துக்கு மேல் இருந்த எஸ்ஜிபிடி மளமளவென்று இறங்கும்போது வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். அதே நேரம் பிலிருபினும் ஐஎன்ஆரும் ஏறிக்கொண்டிருந்தால் அது குணமாவதன் அடையாளம் இல்லை. கசிய இனிச் செல்களே மிச்சமில்லை என்று பொருள். நோயாளி தூக்கக் கலக்கத்தில் இருந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மெதுவாக முற்றும் நோயிலும் இதே ஏமாற்று உண்டு. சிரோசிஸ் வந்த பிறகும் என்சைம்கள் இயல்பான அளவில் இருக்கலாம். இங்கேதான் ரத்த அணுக்களின் எண்ணிக்கை ரிப்போர்ட்டில் இருக்கும் பிளேட்லெட் (தட்டணு) உதவிக்கு வருகிறது. ஃபிப்-4 என்ற கணக்கில் வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதைப் பிளேட்லெட்டையும் (ஆயிரங்களில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேல் என்றால் அதிகம். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ்வரம்பை 2 என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு கற்பனை ரிப்போர்ட்களைப் பாருங்கள். 32 வயதுக்காரர்: எஸ்ஜிபிடி 100, எஸ்ஜிஓடி 60, பிளேட்லெட் 2,60,000. ஃபிப்-4 ஏறக்குறைய 0.74. 58 வயதுக்காரர்: எஸ்ஜிபிடி 49, எஸ்ஜிஓடி 62, பிளேட்லெட் 1,30,000. ஃபிப்-4 ஏறக்குறைய 3.95. எஸ்ஜிபிடியை மட்டும் பார்த்தால் முதலாமவர்தான் ஆபத்தில் இருக்கிறார் என்று தோன்றும். உண்மையில் உடனே கல்லீரல் நிபுணரிடம் போய், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டியவர் இரண்டாமவர். அவருடைய ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி வரம்பை ஒட்டியே இருப்பதால், அது சரிதான் என்று மடித்து வைத்துவிடும் அபாயம் மிக அதிகம்.

வரம்பு என்பதே லேபுக்கு லேப் மாறும். தாளில் மேல்வரம்பு 40 என்றும் இருக்கும், 55 என்றும் இருக்கும். அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆண்களுக்கு எஸ்ஜிபிடியின் மேல்வரம்பு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25 என்று சொல்கிறது. பெண் ஒருவருக்கு 38 வந்து, லேப் அதற்கு எந்தக் குறியும் போடவில்லை என்றால், சர்க்கரை நோயோ உடல் பருமனோ இருக்கும் பட்சத்தில் நான் அதைக் கேள்வி கேட்காமல் விடமாட்டேன். பிலிருபினில் இதற்கு நேர்மாறு. மறைமுகப் பிலிருபின் (கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத பிலிருபின்) மட்டும் லேசாகக் கூடி, என்சைம்கள் இயல்பாக இருந்து, ரத்தச் சிவப்பணு சிதைவும் இல்லையென்றால், அது பெரும்பாலும் கில்பர்ட் என்ற பிறவித் தன்மை. பட்டினி கிடந்தால் கூடும், மருந்தே தேவையில்லை.

லேசான உயர்வுக்கு, மஞ்சள் காமாலையோ வேறு தொந்தரவோ இல்லாத நிலையில், மருத்துவர் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வது வழக்கம். அந்த இடைவெளியில் மதுவை முழுதாக நிறுத்துங்கள். ஆனால் தினமும் சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது பழைய ரிப்போர்ட்களோடு, விழுங்கும் எல்லாவற்றின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள்: மூலிகைப் பொடி, உடற்பயிற்சிக்கான சப்ளிமெண்ட், சளிக்கு வாங்கிய மாத்திரை உட்பட. சளி மாத்திரையிலும் காய்ச்சல் மாத்திரையிலும் ஒரே பாராசிட்டமால் இருந்து, இரண்டையும் சேர்த்து நாட்கணக்கில் விழுங்கியிருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரியாத அந்தக் கணக்கு அட்டையில்தான் தெரியும்.