கொழுப்பா, மாவுச்சத்தா, கடிகாரமா: எடை குறைய எதைக் குறைப்பது?

உடல் எடையைக் குறைக்க நினைப்பவர் முன்னால் இன்று மூன்று கட்சிகள் நிற்கின்றன. கொழுப்பைக் குறை என்கிறது பழைய கட்சி. மாவுச்சத்தைக் குறை என்கிறது கீட்டோ கட்சி. என்ன வேண்டுமானாலும் சாப்பிடு, எட்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள் என்கிறது புதிய கட்சி. மூன்றிலும் இளைத்தவர்கள் உண்டு. அதனால் மூன்றுக்கும் தீவிரத் தொண்டர்களும் உண்டு. இவற்றில் எது உண்மையில் மேல்?

கொழுப்பைக் குறைப்பவர்களின் வாதம் எளிமையான கணக்கு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. தட்டில் இருக்கும் கொழுப்பைக் குறைத்தால், அதே அளவு உணவைச் சாப்பிட்டாலும் உள்ளே போகும் கலோரி குறையும். கணக்கில் பிழை இல்லை. கடைக்கு வந்தபோதுதான் அது கெட்டது. கொழுப்பை எடுத்தால் ருசி போய்விடும் என்று அந்த இடத்தில் சர்க்கரையையும் மாவையும் சேர்த்து, ‘கொழுப்பு குறைந்தது’ என்று லேபிள் ஒட்டி விற்றார்கள். லேபிளை நம்பி ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டவர்கள் இளைக்காததில் ஆச்சரியம் இல்லை.

கீட்டோ கட்சியின் வாதம் இன்சுலின். மாவுச்சத்து ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது, அதனால் இன்சுலின் சுரக்கிறது, இன்சுலின் கொழுப்பைச் சேமிக்கச் சொல்கிறது, அதனால் பசியும் கூடுகிறது என்பார்கள். ஆகவே மாவுச்சத்தை நிறுத்து. கேட்க நன்றாக இருக்கிறது. முதல் வாரத்திலேயே எடை இறங்குவதால் நம்பிக்கையும் வந்துவிடுகிறது. ஆனால் அந்த இறக்கத்தில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சுமார் 400 முதல் 500 கிராம் மாவுச்சத்து இருப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் இருப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. ஒன்றரை, இரண்டு கிலோ போவது இப்படித்தான். மறுபடி சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பித்தால் இரண்டு மூன்று நாளில் அது திரும்பி வந்துவிடும். “கீட்டோவை விட்டதும் குண்டாகிவிட்டேன்” என்று புலம்புபவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான் என்பது என் சந்தேகம்.

அதற்காக இந்த முறையை ஒதுக்கித் தள்ள முடியாது. மாவுச்சத்து போன இடத்தில் பலருக்குப் புரதம் கூடுகிறது. புரதத்துக்கு இரண்டு நல்ல குணங்கள்: பசியை நன்றாக அடக்கும், அதைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும். மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 சதவீதம்தான், கொழுப்புக்கு அதைவிடக் குறைவு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ரத்தச் சர்க்கரை இறங்குவது தனி லாபம். எதிர்ப்பக்கத்தில் நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வரும். சிலருக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் கணிசமாக ஏறும்.

சரி, இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டால்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். முடிவு 2018-இல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்திருந்தார்கள். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதை மரபணுவோ இன்சுலின் சுரப்போ முன்கூட்டிச் சொல்லிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதுவும் பலிக்கவில்லை. எனக்குச் சராசரியைவிட முக்கியமாகப் படுவது வேறு: இரண்டு குழுவிலுமே ஏராளமாக இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். முறைக்கும் முறைக்கும் இடையிலான இடைவெளியைவிட, ஒரே முறைக்குள் ஆளுக்கு ஆள் இருந்த இடைவெளி பல மடங்கு பெரியது.

இன்சுலின் வாதத்துக்கு இன்னொரு அடி 2021-இல் விழுந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும், இரண்டு வாரம் கீட்டோ வகை உணவும், வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்று கொடுத்தார். தாவர உணவின்போது சர்க்கரையும் இன்சுலினும் அதிகம் ஏறின. அப்படியும் அவர்கள் நாளுக்குச் சுமார் 700 கலோரி குறைவாகவே சாப்பிட்டார்கள். இரண்டு வாரச் சோதனையை வைத்து வாழ்நாள் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் இன்சுலின் ஏறினால் பசியும் ஏறும் என்று இனி கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

நேரக்கட்டுப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022-இல் வெளியான ஒரு சீன ஆய்வில் 139 பேரும் ஒரே அளவு கலோரியைக் குறைத்தார்கள். அதில் ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டு முடித்தது. ஓராண்டில் அந்தக் குழு 8 கிலோ, மற்றது 6.3 கிலோ. இங்கேயும் உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. கடிகாரத்துக்குத் தனி மந்திர சக்தி எதுவும் இல்லை. ராத்திரி கொறிப்பது நிற்கிறது, அதனால் கலோரி குறைகிறது, அவ்வளவுதான். எண்ணிக்கொண்டே சாப்பிடப் பிடிக்காதவர்களுக்கு இது பெரிய சௌகரியம். ஒருநாள் விட்டு ஒருநாள் கிட்டத்தட்டப் பட்டினி கிடப்பது வேறு கதை: 2017-இல் வெளியான ஓராண்டு ஆய்வில் அப்படிச் செய்தவர்களில் 38 சதவீதம் பேர் பாதியில் விலகினார்கள். தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களில் விலகியது 29 சதவீதம்.

இந்த மூன்று பேரும் சண்டையில் கவனிக்காமல் விடும் நான்காவது ஒன்று இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். உணவில் என்ன சத்து இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அந்த உணவை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. அதே கெவின் ஹால் 2019-இல் 20 பேருக்கு இரண்டு வாரம் தொழிற்சாலையில் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். பதப்படுத்திய உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாக உள்ளே போனது. எடை 0.9 கிலோ கூடியது. மற்றதில் அதே 0.9 கிலோ குறைந்தது. மெல்ல வேண்டிய அவசியம் இல்லாத உணவு வேகமாக இறங்கிவிடுகிறது. வயிறு ‘போதும்’ என்று சொல்வதற்குள் தட்டு காலி.

திரவம் இன்னும் மோசம். 2000-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 15 பேருக்கு நான்கு வாரம் தினமும் 450 கலோரியை மிட்டாயாகவும், வேறு நான்கு வாரம் அதையே சோடா பானமாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்றபோது மற்ற சாப்பாடு தானாகவே குறைந்தது. பானம் குடித்தபோது குறையவில்லை, எடை கூடியது. முழுப் பாதாமில் இதற்கு நேர்மாறு: 28 கிராமுக்கு லேபிள் 170 கலோரி என்றால், உடலுக்கு உண்மையில் கிடைப்பது சுமார் 129 என்று 2012-இல் அளந்து சொன்னார்கள். மெல்லும்போது உடையாத செல்களுக்குள் இருக்கும் கொழுப்பு செரிக்காமல் வெளியே போய்விடுகிறது.

ஆகவே முதலில் குடிக்கும் கலோரியையும் பாக்கெட் தீனியையும் குறைப்பேன். அப்புறம்தான் கட்சி. ரொட்டியும் இனிப்பும் கண்டால் கை நிற்காது என்பவருக்கு மாவுச்சத்தைக் குறைப்பது எளிது. தட்டு நிறையச் சாப்பிட்டால்தான் திருப்தி என்பவருக்குக் கொழுப்பைக் குறைத்து, காய்கறியையும் பருப்பையும் கூட்டுவது பொருந்தும். காலையில் பசிக்காதவர் நேரக்கட்டுப்பாட்டை முயலலாம். எதை எடுத்தாலும் ஆறு மாதம் வாக்கில் எடை இறங்குவது நின்றுபோகும். உடல் சிறுத்ததால் செலவு குறைகிறது, பசி கூடுகிறது. அந்தக் கட்டத்தில் முறையை மாற்றுவதில் பெரிய பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்யாமல் கீட்டோவோ விரதமோ தொடங்கக் கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சர்க்கரை நோய்க்கான இன்னொரு வகையான எஸ்ஜிஎல்டி2 மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோ பக்கமே போகாமல் இருப்பது நல்லது. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கும், முன்பு உணவுக் கோளாறால் (உண்ணும் பழக்கத்தைப் பாதிக்கும் மனநலக் கோளாறு) அவதிப்பட்டவர்களுக்கும் விரத முறை ஏற்றதல்ல.