எச்சரிக்கை: மெரினோ என்று காசு வாங்கிக்கொண்டு அக்ரிலிக் அனுப்பினார்கள், 8,400 போச்சு

8,400. தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் யாரிடம் போய் முறையிட்டாலும் "நூல்தானே, விடுங்க" என்றுதான் பதில் வருகிறது. நூல்தான். ஏழு சிட்டம் (வளையமாகச் சுற்றிய நூல் கட்டு) மெரினோ, அதாவது மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி நூல். அதற்கு 8,400 வாங்கிக்கொண்டு வேறு எதையோ அனுப்பிவிட்டு, கேள்வி கேட்டதும் பிளாக் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், அடங்கினால் நானும் "விடு" என்று இருந்துவிடுவேன்.

பெயர் போடவில்லை. எந்த மாதிரி இடம் என்று மட்டும் சொல்கிறேன். படம் பகிரும் செயலியில், கையால் சாயமேற்றிய கம்பளி நூல் விற்பதாகப் பக்கம் நடத்துகிற ஒரு பெண். தனிக் கடை கிடையாது, தனி இணையதளம் கிடையாது, ஆர்டர் எல்லாம் உள்பெட்டியில்தான். இலையுதிர்காலம் பிறந்தால் இப்படிப்பட்ட பக்கங்கள் வரிசையாக முளைக்கின்றன. துரு நிறம், கடுகு நிறம், காய்ந்த இலை நிறம் என்று அடுக்கி, "குறைந்த அளவே உள்ளது, இந்த வாரம் மட்டும்" என்று போடுவார்கள்.

அவர்களுக்கு நம் அவசரம் தெரியும். வெயில் நாளில் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கியதும்தான் கை ஊசியைத் தேடும். குளிர் முற்றுவதற்குள் ஸ்வெட்டர் முடிய வேண்டுமானால் இப்போதே முதல் வரிக்குக் கண்ணி போட்டாக வேண்டும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரி கிடைக்கிற நேரத்தில் பின்னுகிறவர்களுக்கு, பெரிய ஆள் ஸ்வெட்டர் ஒன்று மாதக்கணக்கில் இழுக்கிற வேலை. நூல் வந்து சேரத் தாமதமானால் அந்த வருஷக் குளிரே போய்விடும். இந்தப் பரபரப்பை வைத்துத்தான் விற்கிறார்கள்.

நான் கேட்டது அப்பாவுக்கு. கழுத்து மூடிய ஸ்வெட்டர். அவருக்குச் சாதாரணக் கம்பளி பட்டால் கழுத்தெல்லாம் சிவந்து அரிக்கும். அக்ரிலிக் என்கிற செயற்கை இழை போட்டால் கொஞ்ச நேரத்தில் உள்ளே வியர்த்துப் புழுங்குகிறது என்று கழற்றி வைத்துவிடுவார். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. செயற்கை இழைக்கு அந்தக் குணம் கிடையாது. அதனால்தான் விலை கூடினாலும் மெரினோ என்று தேடினேன். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் விவரமாகவே எழுதினேன்.

குரல் பதிவில் பதில் வந்தது. "அப்பாவுக்கா அக்கா? அப்ப கண்ண மூடிட்டு மெரினோ எடுங்க. எங்க அப்பாவுக்கும் இதே பிரச்சினைதான். நானே பின்னிக் கொடுத்தேன், கழட்டவே மாட்டேங்கிறார்." அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். இன்னொரு வீட்டுப் பெண், அவளும் அப்பாவுக்குப் பின்னுகிறாள் என்று மனசு அப்படியே சாய்ந்துவிட்டது. அதோடு அந்தப் பெண் விஷயம் தெரிந்தவள். முப்பது மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழை இருந்தால்தான் தோலைக் குத்தும், மெரினோ அதைவிட நன்றாக மெல்லியது, இது 19 மைக்ரான் என்றாள். டீகே என்கிற, நடுத்தரத்தைவிடச் சற்று மெல்லிய தடிமன், 100 கிராம் சிட்டத்துக்கு 225 மீட்டர் வரும், அப்பாவின் மார்பளவுக்கு 1,400 மீட்டர் தாண்டும், ஏழாக எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒரு கைக்கு நூல் குறைந்தால் அதே சாயம் திரும்பக் கிடைக்காது என்றாள். ஒவ்வொன்றும் சரியான பேச்சு. பின்னத் தெரிந்த யாரும் மறுக்க முடியாது. ஈரம் சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கும் துரு நிறச் சிட்டங்களை வீடியோ எடுத்து அனுப்பினாள். "இது உங்களோடதுதான் அக்கா, காய வெச்சிருக்கேன்."

பணம் கேட்டபோதும் அதே குரல்தான். செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் பிடித்துக்கொள்கிறார்கள், சின்ன ஆளுங்க நாங்க, நேராக அனுப்பிவிட்டால் உதவியாக இருக்கும் என்றாள். சின்னதாகத் தொழில் செய்கிறவளுக்கு உதவுவோம் என்றுதான் 8,400-ஐயும் நேராக அனுப்பினேன். அந்த நல்லெண்ணத்தைத்தான் பிடித்து விழுங்கியிருக்கிறாள்.

பார்சல் வந்தது. சிட்டமாக இல்லை, மெஷினில் சுற்றிய உருண்டையாக வந்தது. "பார்சல்ல சிக்கும்னு சுத்தி அனுப்பிட்டேன் அக்கா" என்று அதற்கு ஒரு செய்தி. நிறம் துருதான். ஆனால் ஏழில் மூன்று உருண்டை லேசாகச் சிவப்பு ஓடியது. கையால் சாயமேற்றினால் ஒன்றுக்கொன்று மாறும் என்பது எனக்கும் தெரியும். அதற்காகத்தானே இரண்டு வரிக்கு ஒரு முறை நூலை மாற்றி மாற்றிப் பின்னுகிறோம். ஆனால் கையால் சாயமேற்றிய நூலில் ஒரே இழைக்குள்ளேயே நிறம் ஏறி இறங்கி ஓடும். இதில் ஒரு உருண்டை முழுக்க ஒரே தட்டையான நிறம், அடுத்த உருண்டை முழுக்க வேறொரு தட்டையான நிறம். ஆலைச் சாயத்தில் இரண்டு வேறு தொகுதி அது.

வழக்கம்போல முதலில் மாதிரித் துண்டு பின்னினேன். 4 மி.மீ. ஊசியில் 22 கண்ணி போட்டால் 10 செ.மீ. அகலம் வர வேண்டும். பின்னும்போதே நூல் ஊசியில் கீச் கீச் என்று உரசியது. நனைத்து, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தேன். கம்பளியாக இருந்தால் இழுத்த அளவிலேயே நிற்கும். இது ஊசியை எடுத்ததும் சுருங்கிப் பழைய அளவுக்கே போய்விட்டது.

அப்புறம் லேபிளைப் பார்த்தேன். "100% மெரினோ, சூப்பர்வாஷ்" என்று அழகாக அச்சடித்த தாள். ஓரம் கொஞ்சம் தடிமனாக இருந்தது. நகத்தால் நெருடினேன், பிரிந்து வந்தது. கீழே இன்னொரு லேபிள். பசை ஒட்டிப் பாதி எழுத்து கிழிந்திருந்தாலும் "100% அக்ரிலிக்" என்பது முழுசாகத் தெரிந்தது. ஏழையும் உரித்தேன். ஏழிலும் அதேதான். உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது.

ஒரு சாண் இழையை வெட்டி இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்தினேன். கம்பளி எரிந்தால் முடி பொசுங்கிய நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது குபுக்கென்று பற்றி உருகிச் சொட்டியது. நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டிக்கொண்டது. ஆறிய பிறகு நகத்தால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது.

படங்களோடு எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். முதல் பதில், "கேமரா வெளிச்சத்துல அப்படித் தெரியும் அக்கா." நான் நிறத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டாவது பதில், "சூப்பர்வாஷ் பூச்சு இருக்குல்ல, அதான் உருகுது." தண்ணீரில் சுருங்கிக் கட்டி தட்டாமல் இருக்க இழையின் மேல் ஏறுகிற மிக மெல்லிய பூச்சு அது. உள்ளே இருப்பது கம்பளியானால் முடி நாற்றம் வந்தே தீரும், சாம்பல் ஆகியே தீரும். 19 மைக்ரான் வரை எனக்கு எடுத்துச் சொன்னவளுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் பேசுகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏதும் தெரியாமல் மொத்த வியாபாரியிடம் ஏமாந்து அதையே விற்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

லேபிள் படத்தை அனுப்பிய பிறகு குரல் பதிவு நின்றது. "அக்கா" போய் "அன்புள்ள வாடிக்கையாளரே" வந்தது. பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லையாம், சுகாதாரக் காரணமாம். பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பணம் வேண்டாம், சொன்ன நூலையாவது அனுப்புங்கள் என்றேன். "இருப்பு தீர்ந்தது." அன்றைக்கும் அதே துரு நிறம் அந்தப் பக்கத்தில் விற்பனைக்கு இருந்தது. அதன் கீழே, யாரையும் திட்டாமல், "லேபிளுக்கு அடியில் என்ன இருக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி எழுதினேன். அடுத்து பார்க்கும்போது கேள்வியும் இல்லை, பக்கமும் எனக்குத் திறக்கவில்லை.

செயலிக்குப் புகார் கொடுத்தேன். எங்கள் கட்டண வழியில் நடக்காத விற்பனைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஆயத்தமாக வைத்திருந்த பதிலை அனுப்பினார்கள். பக்கம் அவர்களுடையது, விளம்பரம் அவர்கள் காட்டியது, பொறுப்பு மட்டும் இல்லை. வங்கியில் கேட்டால், கார்டில் கட்டியிருந்தால் தகராறு மனு போட்டிருக்கலாம், நீங்களே சம்மதித்து அனுப்பிய பணத்தைத் திரும்பப் பிடிக்க வழி குறைவு என்கிறார்கள். மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 8,400 திரும்பும் என்று அவர்கள் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

அப்பா நூல் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அளவெல்லாம் எடுத்துக் கொடுத்தாரே. அக்ரிலிக்கைத் தாழ்வாகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். குழந்தைத் துணிக்கு, அடிக்கடி துவைக்கிற போர்வைக்கு அது நல்ல நூல்தான். அக்ரிலிக் என்று சொல்லி, அக்ரிலிக் விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். மெரினோ விலை 8,400-ஐ வாங்கிக்கொண்டு, லேபிள் மேல் லேபிள் ஒட்டி, அரிப்பு வருகிற மனிதரின் கழுத்தைப் பற்றி அக்கறையாகப் பேசி விற்றதுதான் எரிகிறது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. சுருக்கமாக:

பேச்சு எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் நேரடிப் பணம் அனுப்பாதீர்கள். புகார் கொடுக்க வழியுள்ள முறையில் மட்டும் கட்டுங்கள். மொத்தமாக வாங்காமல் முதலில் ஒரு சிட்டம் வாங்குங்கள், சாயம் மாறினாலும் பரவாயில்லை. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பின்னத் தொடங்கும் முன் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். நெருப்பு பயமாக இருந்தால் சின்னத் துண்டை குளோரின் ப்ளீச்சில் போட்டு வையுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. கம்பளி கரைந்து போய்விடும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும். குரல் பதிவுகளை அழிக்காதீர்கள், நான் வைத்திருப்பதில் உருப்படியான ஆதாரம் இப்போது அது ஒன்றுதான். துரு நிற உருண்டை உங்களுக்கும் இந்தப் பருவத்தில் வந்திருந்தால் லேபிள் ஓரத்தை நெருடிப் பாருங்கள். அடியில் இன்னொன்று இருந்தால் படத்தோடு எனக்கு எழுதுங்கள், என் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.