ஒரே பாடம், மூன்று விதம்: புள்ளிப் பட்டியலா, ஒற்றை வாக்கியமா, சாக்பீஸா?

பாம்பன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வடகடல், தென்கடல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்கிலிருந்து கச்சான் வீசினால் தென்கடல். அதற்கேற்ப நாட்டுப்படகுகள் இடம் மாறும். இதையே பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, வடகிழக்குப் பருவக்காற்று என்று பெயர் மாற்றி ஸ்லைடில் போட்டு நடத்தியபோது அதே பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். ராமநாதபுரம் கடலோரத்துக் கல்லூரி ஒன்றில் கடலியல் எடுக்கிறேன். இந்த ஒரு பாடத்தை மூன்று ஆண்டுகளில் மூன்று விதமாக நடத்திப் பார்த்த கதை இது.

முதல் ஆண்டு: புள்ளிப் பட்டியல்

பதினான்கு ஸ்லைடுகள், ஒவ்வொன்றிலும் ஆறேழு புள்ளிகள் (புல்லட் பாயிண்டுகள்). தலைப்பு 'பாக் விரிகுடாவின் இயல்புகள்' என்று இருக்கும். நான் இரண்டாவது புள்ளியைப் பேசிக்கொண்டிருக்கும்போது முன்வரிசை ஐந்தாவதை எழுதிக்கொண்டிருக்கும், பின்வரிசை போனில் படம் பிடித்துவிட்டு ஓய்வெடுக்கும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் உளவியல் பேராசிரியரான ரிச்சர்ட் மேயர் இதைப் பல ஆய்வுகளில் சோதித்திருக்கிறார். படத்தைப் பார்த்துக்கொண்டே விளக்கத்தைக் காதால் கேட்பவர்களுக்கு நன்றாக ஏறுகிறது. அதே விளக்கம் எழுத்தாகவும் திரையில் வந்துவிட்டால், பெரும்பாலும் கற்பது குறைகிறது. படத்தைப் பார்க்க வேண்டிய கண் எழுத்துக்குப் போய்விடுகிறது. 2003இல் கொலம்பியா விண்கலம் சிதறியதை விசாரித்த குழுவின் அறிக்கையிலேயே, ஆபத்தைச் சொல்லும் தகவல் ஒரு ஸ்லைடின் உள்புள்ளிகளுக்குள் புதைந்துபோனதைப் பற்றிய விமர்சனம் இருக்கிறது.

சரி, அப்படியானால் ஏன் எல்லோரும் இதையே செய்கிறோம்? சுலபம். ஒரே மாலையில் முடிந்துவிடும். என் ஸ்லைடுகள் மாணவர்களுக்கானவையே அல்ல, நான் மறந்துவிடாமல் இருக்க வைத்துக்கொண்ட துண்டுச்சீட்டு. அதோடு, வராத மாணவருக்கு நோட்ஸாகவும் அதையே அனுப்பிவிடலாம். பேசும்போது காட்டுவதும் வீட்டில் படிக்கக் கொடுப்பதும் ஒரே கோப்பு. கோளாறு அங்கேதான். படிப்பதற்குப் போதாது, பார்ப்பதற்கு அதிகம்.

இரண்டாம் ஆண்டு: ஒரு வாக்கியம், ஒரு படம்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி முன்வைக்கும் முறை இது. தலைப்புக்குப் பதில் ஒரு முழு வாக்கியம், அதற்குக் கீழே அதை நிறுவும் படமோ வரைபடமோ, புள்ளிகள் கிடையாது. என் முதல் ஸ்லைடு: 'வாடையில் வடகடல் கொந்தளிக்கிறது, ஏனென்றால் வடகிழக்குக் காற்று நேராக அந்தக் கரையில் மோதுகிறது.' கீழே வரைபடம், ஒரே ஒரு அம்புக்குறி. அடுத்தது: 'கச்சானில் தென்கடல் கொந்தளிக்கிறது, ஏனென்றால் தெற்கே அது திறந்த கடல்.' நடுவில் கிடக்கும் ராமேஸ்வரம் தீவும் மணல்திட்டுகளும் ஒரு பக்கத்தின் அலையை மறுபக்கத்துக்கு விடாமல் தடுப்பதை வாயால் சொன்னேன்.

இந்த முறையில் முதலில் திணறுவது ஆசிரியர்தான். 'இயல்புகள்' என்று தலைப்பு வைக்க எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. வாக்கியம் எழுத வேண்டுமென்றால் என்ன சொல்ல வருகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பதினான்கில் ஐந்து ஸ்லைடுகளுக்கு என்னால் வாக்கியமே எழுத முடியவில்லை. தூக்கிவிட்டேன், பாடம் ஒன்றும் குறையவில்லை.

நான்கு மாலைகள் போயின என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு தப்பும் செய்தேன். கடற்புல்லைப் பற்றிய ஸ்லைடின் மூலையில் அழகுக்காக ஓர் ஆவுளியா படம் போட்டேன். "சார், எங்க தாத்தா ஆவுளியா பார்த்திருக்கார்" என்று ஒருவன் ஆரம்பித்தான். மீதி வகுப்பு அந்தக் கடல் பசுவோடு போய்விட்டது. படம் அந்த வாக்கியத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும், சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

வந்த ஒரே புகார், "நோட்ஸ் இல்லையே சார்". அதற்கு இரண்டு பக்கத்தில் தனியாக எழுதிக் கொடுத்தேன். முதல் ஆண்டுப் புள்ளிகள் எல்லாம் அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தன.

மூன்றாம் ஆண்டு: சாக்பீஸ்

திட்டமிட்டது இல்லை, கரண்ட் போனது. தொண்டியில் தொடங்கிக் கரையை இழுத்துக்கொண்டே மண்டபம் வரை வந்து, தீவைப் போட்டு, தனுஷ்கோடி முனையை நீட்டி, மறுபடி கீழக்கரைப் பக்கம் இறங்கினேன். பிள்ளைகளும் நோட்டில் கூடவே வரைந்தார்கள். தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, நான் போட்ட தீவு தப்பு என்று அழித்துத் திருத்தினாள். கோடு வளரும் வரிசையே விளக்கமாகிவிட்டது. கை போகும் வேகத்துக்கு மேல் பாடமும் ஓட முடியாது, அதுவும் நல்லதாகப் போயிற்று.

ஆகவே காற்று, நீரோட்டம் என்று படிப்படியாக நடக்கும் எதையும் இனி பலகையில்தான் நடத்துவேன். ஆனால் 2016இல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததைச் சாக்பீஸால் காட்ட முடியாது. கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன, பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். இதற்குப் பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அங்கே ஒற்றை வாக்கிய ஸ்லைடுதான். புள்ளிப் பட்டியலுக்கு என் வகுப்பில் இனி தாளில் மட்டும் இடம்.

இரண்டையும் கலக்கும்போது ஒரு சின்ன வசதி: பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடும்போது விசைப்பலகையில் 'பி' எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். பலகைப் பக்கம் திரும்பும்போது கண்கள் கூடவே வந்துவிடும்.

தமிழில் ஸ்லைடு போடுபவர்களுக்கு

'வரிக்கு ஆறு சொல், ஸ்லைடுக்கு ஆறு வரி' என்ற விதி ஆங்கிலத்தை மனதில் வைத்தது. நம் சொற்கள் நீளம், ஆறு சொல் இரண்டு வரியை அடைத்துவிடும். எழுத்தின் அளவு 28 பாயிண்டுக்குக் குறைந்தால் கடைசி பெஞ்சுக்கு ணகரமும் னகரமும் ஒன்றுதான். தடித்த எழுத்தில் சுழிகள் அடைபடும், நடுத்தரத் தடிமன் போதும். புள்ளியும் கொம்பும் இருப்பதால் வரிகளுக்கிடையே கொஞ்சம் அதிகமாகவே இடம் விட வேண்டும். எங்கள் வகுப்பில் ஜன்னலை மூடினால் வேகும், திறந்தால் வெளிச்சம் கூசும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அங்கே எடுபடவே இல்லை, வெளிர்ப் பின்னணியில் கரும் எழுத்துதான்.

மென்பொருளில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மாணவர்களோடு சேர்ந்து தயாரிக்க கூகுள் ஸ்லைட்ஸ், இணையம் நம்ப முடியாத இடத்துக்குப் பவர்பாயிண்ட், காசு கொடுக்க மனமில்லை என்றால் லிப்ரே ஆபீஸ். சமன்பாடுகள் நிறைய இருந்தால், லேடெக்கில் கட்டளைகள் எழுதி ஸ்லைடு தயாரிக்கும் பீமர் பழகலாம், எனக்குப் பொறுமை இல்லை.

எழுத்துருவில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். ஒருமுறை வேறொரு அரங்கில் பேசப் போனேன். ஸ்லைடுகள் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் இருந்தன. அந்தக் கணினியில் அது இல்லை, திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இறைந்து கிடந்தன. இப்போது எல்லாம் யூனிகோடுதான், பென் டிரைவில் ஒரு பிடிஎஃப் பிரதியும் உண்டு. அன்றைக்கு மட்டும் பக்கத்து அறையில் ஒரு சாக்பீஸ் கடன் வாங்கி, தொண்டியிலிருந்து கரையை இழுக்க ஆரம்பித்தேன்.