எடை மேடைக் கணினிக்கு எந்தச் செய்தி வரிசை? சிஸ்டம் ஃபைவும் பாசிக்ஸும்

சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில், செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஆலையின் எடை மேடையில் நிற்கிறது. அங்குள்ள லினக்ஸ் கணினியில் இரண்டு நிரல்கள் ஓடுவதாகக் கொள்வோம்: ஒன்று எடைக்கருவியின் சீரியல் போர்ட்டைப் படிக்கிறது, மற்றொன்று கிராணிக்கு (ஆலை எழுத்தருக்கு) எடைச் சீட்டை அச்சிடுகிறது. முதல் நிரல் அச்சுப்பொறிக்காகக் காத்திராமல் தகவலை ஒப்படைப்பதற்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னலே பராமரிக்கும் செய்தி வரிசை ஏற்றது; ஒரு நிரல் அதில் செய்தியைப் போட, மற்றொன்று தனக்கு வசதியான நேரத்தில் எடுத்துக்கொள்ளும். யூனிக்ஸ் மரபில் இதற்குச் சிஸ்டம் ஃபைவ் என்ற யூனிக்ஸ் பதிப்பின் பெயரைத் தாங்கிய பழைய வரிசையும், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸின் வரிசையும் இருக்கின்றன; பிந்தையது லினக்ஸில் 2004-இல் 2.6.6 பதிப்போடு சேர்ந்தது.

சிஸ்டம் ஃபைவில் வரிசையை அடையாளம் காட்டுவது ஓர் எண். அதைப் பெரும்பாலும் எஃப்டோக் என்ற சார்பு ஒரு கோப்பிலிருந்து உருவாக்குகிறது; யாராவது அந்தக் கோப்பை அழித்து மீண்டும் உருவாக்கினால் எண் மாறிவிடலாம், அப்போது இரு நிரல்களும் வெவ்வேறு வரிசைகளைத் திறந்துகொண்டு ஒன்றையொன்று எதிர்பார்த்திருக்கும். பாசிக்ஸில் சாய்கோட்டில் தொடங்கும் ஒரு பெயரை, வரிசையைத் திறக்கும் எம்க்யூ_ஓபன் சார்புக்குக் கொடுத்தால் போதும்.

ஆயினும் சிஸ்டம் ஃபைவை ஒதுக்கிவிட முடியாதபடி அதனிடம் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வகை எண் உண்டு; பெறும் நிரல் குறிப்பிட்ட வகையை மட்டும் கேட்டு எடுக்கலாம். உள்நுழைவு மேடை, வெளியேறும் மேடை, குலைத் தரம் பார்க்கும் கொட்டகை ஆகிய மூன்றுக்குமான நிரல்கள் தத்தம் புரோசஸ் எண்ணையே (ஓடும் நிரலுக்குக் கெர்னல் தரும் எண்) வகையாக அறிவித்தால், மூன்றுக்குமான பதில்களை ஒரே வரிசையில் போட முடியும். பாசிக்ஸில் முன்னுரிமை மட்டுமே உண்டு: உயர்ந்தது முதலில் வரும், சமமானவை வந்த வரிசைப்படி வரும். ஆகவே ஒவ்வொரு நிரலுக்கும் தனிப் பதில் வரிசை தேவைப்படும். ஆனால் சிஸ்டம் ஃபைவில் கோரிக்கைகளையும் பதில்களையும் ஒரே வரிசையில் கலந்தால், அது கோரிக்கைகளால் நிரம்பியபின் பதில் எழுத இடமின்றி எல்லா நிரல்களும் முடங்கிப்போகலாம். இரண்டையும் பிரித்து வைப்பதே நல்லது.

கொள்ளளவில்தான் உண்மையான வேறுபாடு தெரிகிறது. லினக்ஸின் இயல்பு அமைப்பில் ஒரு சிஸ்டம் ஃபைவ் வரிசை 16384 பைட் கொள்ளும். 64 பைட் அளவுள்ள எடைப் பதிவுகள் என்றால் 256 வரை சேரும். பாசிக்ஸிலோ இயல்பாகப் 10 செய்திகள் மட்டுமே. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது நிறையாகப் படுகிறது. சீட்டுத்தாள் தீர்ந்து அச்சு நிரல் நின்றுவிட்டால், சிஸ்டம் ஃபைவ் நாள் முழுவதும் பதிவுகளை அமைதியாக விழுங்கிக்கொண்டிருக்கும். பாசிக்ஸ் வரிசை சில லோரிகளுக்குள் நிரம்பிவிடும். காலவரம்போடு செய்தி அனுப்பும் எம்க்யூ_டைம்ட்சென்ட் அழைப்பு இரண்டு வினாடிக்குப் பின் பிழையோடு திரும்பும்படி அமைத்தால் கிராணியின் திரையில் உடனே எச்சரிக்கை காட்டலாம். அறுத்த குலைகள் காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடும் என்பதால், வாசலில் தேங்கும் லோரிகள் ஆலைக்கு நட்டமே. சிஸ்டம் ஃபைவில் காலவரம்பு வைக்கும் அழைப்பு கிடையாது. காத்திராத அழைப்பைத் திரும்பத் திரும்ப விடவோ, அலாரம் சிக்னலைக் கொண்டு உடைக்கவோ வேண்டியிருக்கும்.

லினக்ஸில் பாசிக்ஸ் வரிசை ஒரு கோப்பு விவரிப்பான் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) என்பதால், பல விவரிப்பான்களை ஒருசேரக் கண்காணிக்கும் ஈபோல் வசதியின் ஒரே சுற்றில் சீரியல் போர்ட்டோடு சேர்த்து அதையும் கவனிக்கலாம். பாசிக்ஸ் தரம் இதற்கு உறுதி தரவில்லை. மேக்ஓஎஸில் பாசிக்ஸ் செய்தி வரிசையே இல்லை. எடை மேடைக் கணினி லினக்ஸாகவே இருக்கும்வரை இது தடையாகாது. சிஸ்டம் ஃபைவ் வரிசைக்கு ஈபோலில் இடமில்லாததால் தனி இழையோ தனி நிரலோ வைக்க நேரும்.

நிரல் இறந்தபின்னும் இரு வகை வரிசைகளும் கெர்னலில் தங்கும். சிஸ்டம் ஃபைவ் எச்சங்களை ஐபிசிஎஸ் கட்டளையால் பார்த்து ஐபிசிஆர்எம் கட்டளையால் நீக்கலாம். நீக்கியதும் காத்திருக்கும் நிரல்கள் பிழையோடு விழித்தெழும். பாசிக்ஸில் எம்க்யூ_அன்லிங்க் பெயரை மட்டும் உடனே எடுத்துவிடும். திறந்து வைத்திருக்கும் கடைசி நிரல் மூடியபின்பே வரிசை அழியும்.

புதிதாக எழுதும் எடை நிரலுக்குப் பாசிக்ஸையே தேர்வேன். வகை எண்ணை நம்பி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இதற்காக மாற்றி எழுதமாட்டேன். இரண்டில் எதுவானாலும், மாலை இடிமழையில் மின்சாரம் போனால் வரிசையிலிருந்த பதிவுகள் நினைவகத்தோடு போய்விடும் என்பதால், எடையை முதலில் வட்டில் எழுதி, பின்னரே வரிசைக்கு அனுப்ப வேண்டும்.